சி.ஏ.ஹெச். குழந்தைக்கு ஆயுசுக்கும் ஸ்டீராய்டா? பெற்றோர் பேசும் இழை

புதுஅப்பா:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பையன் பிறந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. இரண்டாவது வாரத்தில் வாந்தி ஆரம்பித்தது. எடை ஏறவில்லை, பால் குடிக்கக்கூடத் தெம்பில்லை. முதலில் காட்டிய இடத்தில் இரைப்பையின் வாய் இறுகியிருக்கலாம், ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார்கள். ரத்த ரிப்போர்ட்டில் சோடியம் 118 என்று இறங்கியும் பொட்டாசியம் 7.4 என்று ஏறியும் வந்ததும் நேராக ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். நோயின் பெயர் கன்ஜெனிட்டல் அட்ரினல் ஹைப்பர்பிளேசியா, சுருக்கமாக சி.ஏ.ஹெச்., உப்பை இழக்கும் வகையாம். கையில் ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளூட்ரோகார்டிசோன், உப்புக் கரைசல் என்று மூன்று கொடுத்திருக்கிறார்கள்.

ஆயுசு முழுக்க ஸ்டீராய்டு என்று கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் மனசே சரியில்லை. "பிஞ்சுக் குழந்தைக்கு ஸ்டீராய்டா, கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடு" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் யாருக்கும் இது இருந்ததில்லை. காய்ச்சல் வந்தால் டோஸைக் கூட்டு என்று டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு காய்ச்சலுக்கு எவ்வளவு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வார்டுநர்ஸ்:
பையன் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டானே, முதலில் அதற்கு மூச்சு விடுங்கள் தம்பி. குழந்தைகள் ஹார்மோன் வார்டில் வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு கார்டிசால், அல்டோஸ்டெரோன் இரண்டையும் செய்ய 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேண்டும். உங்கள் மகனுக்கு அது வேலை செய்யவில்லை. கார்டிசால் வரவில்லையே என்று மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.ஹெச். ஹார்மோனை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் அட்ரினல் பருக்கிறது. கார்டிசாலாக மாற முடியாத மூலப்பொருள் தேங்கி, ஆண் ஹார்மோனாகத் திரும்பிவிடுகிறது. ரிப்போர்ட்டில் 17-ஓஹெச்பி என்று ஒரு பெரிய எண் பார்த்திருப்பீர்களே, அது இந்தத் தேக்கத்தின் அளவுதான். அல்டோஸ்டெரோன் இல்லாததால் உப்பு சிறுநீரில் போய்விடுகிறது, பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிவிடுகிறது.

இரைப்பை வாய் இறுகுவதோடு இதைக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான், வயதும் வாந்தியும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ரிப்போர்ட் நேர் எதிராக இருக்கும். இரைப்பை வாய் பிரச்சினையில் அமிலமெல்லாம் வாந்தியில் போய்விடுவதால் ரத்தத்தில் காரத்தன்மை கூடும், பொட்டாசியம் இறங்கும். இதில் அமிலம் கூடும், பொட்டாசியம் ஏறும். இரண்டு மூன்று வாரக் குழந்தை வாந்தி எடுத்து, பொட்டாசியமும் ஏறியிருந்தால் அட்ரினலை நினைக்காமல் விடக்கூடாது.

பெண் குழந்தை என்றால் பெரும்பாலும் பிறந்த அன்றே பிறப்புறுப்பைப் பார்த்துச் சந்தேகம் வந்துவிடும். பையனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, விரைப்பையும் மார்க்காம்பும் கொஞ்சம் கறுத்திருக்கலாம், அவ்வளவுதான். குதிகாலில் குத்தி எடுக்கும் பிறவிப் பரிசோதனை இல்லாத இடங்களில் பையன்கள் என்ன நோய் என்றே தெரியாமல் இறந்துபோவதற்கு இதுதான் காரணம். ஏறக்குறைய 15,000 பிறப்புக்கு ஒன்று என்பார்கள். அரிது என்றாலும் குழந்தை ஹார்மோன் மருத்துவர்களுக்கு நன்றாகப் பழகிய நோய்.

மருந்தை நிறுத்தும் பேச்சை மட்டும் வீட்டில் இன்றோடு முடித்துவிடுங்கள்.

இயற்கைவழி:
தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் உறவில் ஒரு பெண் ஸ்டீராய்டு சாப்பிட்டு முகமெல்லாம் ஊதி, எலும்பு தேய்ந்து படாத பாடு பட்டாள். சுரப்பியைத் தூண்டிவிட இயற்கையான வழிகள் எவ்வளவோ இருக்கின்றன. ஆங்கில மருத்துவம் ஆளை ஆயுசுக்கும் அடிமையாக்கிவிடும். மெல்ல மெல்லக் குறைத்துப் பாருங்கள்.

வார்டுநர்ஸ்:
இயற்கைவழி, உங்கள் உறவுக்காரப் பெண் பட்டது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சாப்பிட்டது வேறு கணக்கு. அங்கே நோயை அடக்க உடம்புக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு கொடுப்பார்கள். இங்கே இல்லாததை ஈடுகட்டுகிறோம். சாதாரண உடம்பு ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு நாளைக்கு 6 முதல் 9 மி.கி. கார்டிசாலைத் தானாகவே சுரக்கிறது. அதற்குப் பதிலாக இந்தக் குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் அதே பரப்புக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் மகன் அளவுக் குழந்தையின் பரப்பு கால் சதுர மீட்டர் இருக்கும், ஆக நாள் முழுவதற்கும் 3 மி.கி. பக்கம், அதையும் மூன்றாகப் பிரித்து. கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது ஏன் என்றால், வயிற்றில் போவதெல்லாம் ரத்தத்துக்கு வந்துசேராது, ஏ.சி.டி.ஹெச்.ஐயும் அடக்கியாக வேண்டும்.

அப்புறம் "சுரப்பியைத் தூண்டு" என்கிறீர்கள். சுரப்பி ஏற்கெனவே உச்சத்தில் தூண்டப்பட்டுத்தான் பருத்துக் கிடக்கிறது. இன்னும் தூண்டினால் ஆண் ஹார்மோன்தான் கூடும். 1950 வாக்கில் லாசன் வில்கின்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கார்டிசோனைக் கொடுத்துக் காட்டும் வரை இந்த நோய்க்கு இயற்கைவழி மட்டும்தான் இருந்தது. உப்பை இழக்கும் வகைக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை.

பக்க விளைவே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். டோஸ் கூடினால் எடை ஏறும், வளர்ச்சி மந்தமாகும். குறைந்தால் ஆண் ஹார்மோன் ஏறி, எலும்பு வயதுக்கு முந்தி முதிர்ந்து, சின்ன வயதில் மளமளவென்று வளர்ந்த பிள்ளை சீக்கிரமே நின்றுவிடும். இரண்டு பக்கமும் உயரத்தைத்தான் தின்கிறது. அதனால்தான் வளரும் வயதில் பிரட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற நீண்ட நேரம் நிற்கும் மருந்துகளைத் தவிர்த்து ஹைட்ரோகார்டிசோனையே பிடித்துக்கொள்கிறார்கள்.

நெறியாளர்:
மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ சொல்லும் பதிவுகள் இந்த இழையில் இனி நீக்கப்படும். மறுப்பும் கூடவே இருப்பதால் மேலே உள்ளதை மட்டும் விட்டுவைக்கிறேன்.

மூணுவேளை:
என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், இதே வகை. நான் மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் விளக்கமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஹைட்ரோகார்டிசோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. தூளாக்கிக் கலக்கினால் பாதி மிதக்கும், பாதி அடியில் போய்ப் படியும். 10 மி.கி. மாத்திரையை 10 மி.லி. தண்ணீரில் போட்டு 1 மி.லி. எடுத்தால் 1 மி.கி. என்று கணக்கு சரியாகத்தான் வரும், ஆனால் கலக்கிவிட்டு ஃபோன் பேசிவிட்டு வந்து சிரிஞ்சில் உறிஞ்சினால் மேல் தண்ணீர்தான் வரும். நன்றாகக் கலக்கி, சுழன்றுகொண்டிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மீதியைக் கொட்டிவிடுங்கள், அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். சிரிஞ்சின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருப்பதும் மருந்துதான், கொஞ்சம் தண்ணீர் இழுத்து அதையும் கொடுங்கள். பால் புட்டியில் மட்டும் கலக்காதீர்கள். பாதியில் தூங்கிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? சில நாடுகளில் 0.5 மி.கி.யிலிருந்து குழந்தைகளுக்கென்றே குருணையாக வருகிறது, திறந்து வாயில் போட்டால் போதும். கிடைக்குமா என்று உங்கள் எண்டோ டாக்டரிடம், அதாவது ஹார்மோன் மருத்துவரிடம், கேட்டுப் பாருங்கள்.

உப்பும் மருந்துதான். தாய்ப்பாலிலும் புட்டிப்பாலிலும் சோடியம் மிகக் குறைவு. கைக்குழந்தையின் சிறுநீரகம் உப்பைக் காக்கும் அல்டோஸ்டெரோனுக்குச் சரியாகக் காதும் கொடுக்காது. அதனால்தான் முதல் வருடம் நாளைக்கு 1, 2 கிராம் உப்பைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளை எல்லாம் சாப்பிட ஆரம்பித்ததும் அதை நிறுத்திவிடுவார்கள். அல்டோஸ்டெரோனுக்கு மாற்றாகக் கொடுக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், ஒவ்வொரு முறை போகும்போதும் பி.பி. பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். சின்னப் பிள்ளைக்கு எதற்கு பி.பி. என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
"குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இது ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் நோய். அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று பழுதாக இருந்திருக்கும். ஒரு பிரதி நன்றாக இருப்பதால் உங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய 60 பேருக்கு ஒருவர் இப்படிச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். யார் ரத்தம், யார் பக்கம் என்ற பஞ்சாயத்தில் அர்த்தமே இல்லை.

ஜீன் பரிசோதனை எடுங்கள். ஆனால் பழகிய லேபில் எடுங்கள். 6ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த சி.ஒய்.பி.21.ஏ.2 ஜீனுக்குப் பக்கத்திலேயே அச்சு அசலாக அதைப் போலவே, ஆனால் வேலை செய்யாத ஒரு போலி ஜீன் உட்கார்ந்திருக்கிறது. சாதாரணமாக எல்லா ஜீன்களையும் மொத்தமாகப் படிக்கும் முறை இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிடும். பெற்றோர் ரத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் எந்தப் பழுது யாரிடமிருந்து என்று பிரிக்க முடியும்.

இயற்கைவழி:
சரி, மருந்தைப் பற்றி நான் பேசவில்லை. ஜீனைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? மாற்றவா முடியும்? காசுக்குப் பிடித்த கேடு.

கணக்குப்பிள்ளை:
என் மகளுக்கு வேறு நோய், பிறவிச் சர்க்கரை. அதில் பட்டதால் சொல்கிறேன். ஆறு மாதத்துக்குள் வரும் சர்க்கரை நோய் வழக்கமான டைப் 1 ஆக இருப்பது மிக அரிது, பெரும்பாலும் ஒற்றை ஜீன் கோளாறுதான். அதில் கே.சி.என்.ஜே.11 என்ற ஜீனின் பங்கை 2004ல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் குழு கண்டுபிடித்தது. இன்சுலின் செல்லின் ஒரு பொட்டாசியம் கதவு மூடாமல் திறந்தே நின்றுவிடுகிறது. அந்தக் கதவை மூடும் மருந்து புதிதாக வரவேண்டியிருக்கவில்லை. வயதானவர்களின் சர்க்கரைக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள்தான். 2006ல் வெளிவந்த ஆய்வில் 49 பேருக்கு மாற்றிப் பார்த்தார்கள், 44 பேர் இன்சுலினை அடியோடு நிறுத்திவிட்டார்கள். என் மகளும் இப்போது மாத்திரையில்தான் இருக்கிறாள். ஜீன் ரிப்போர்ட் வராமல் இருந்திருந்தால் இன்றும் தொடையில் குத்திக்கொண்டிருப்போம்.

எல்லா நோயிலும் இப்படி நடக்காது, தெரியும். ஆனால் "தெரிந்து என்ன செய்ய" என்பதைத் தெரிந்த பிறகு பேசலாம்.

மெல்லநட:
கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். என் மகனுக்குப் பிராடர்-வில்லி என்ற மரபணு நோய். பிறந்தபோது துணி மாதிரித் துவண்டு கிடந்தான், உறிஞ்சிக் குடிக்கத் தெரியவில்லை. குரோமோசோமை எண்ணிப் பார்த்துவிட்டு "நார்மல்" என்று கையில் கொடுத்தார்கள். மெத்திலேஷன் பரிசோதனை என்று ஒன்று இருப்பதே அப்புறம்தான் தெரிந்தது, இந்த நோயில் 99 சதவீதத்துக்கு மேல் அது பிடித்துவிடும். ஆகவே "ஜீன் டெஸ்ட் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் எந்த டெஸ்ட் என்று கேளுங்கள். இழையைத் திருப்ப விரும்பவில்லை, தொடருங்கள்.

பெரியக்கா:
இதுவரை பேசியதெல்லாம் பெற்றோர். நான் அந்தக் குழந்தையாக இருந்து வளர்ந்தவள். இதே நோய், உப்பை இழக்கும் வகை, முப்பதைத் தாண்டிவிட்டேன், வேலைக்குப் போகிறேன், மூன்று வேளை மாத்திரை போடுகிறேன்.

மாத்திரை எனக்கு ஒரு பாரமாக இருந்ததே இல்லை. பாரமாக இருந்தது வேறு. சின்ன வயதில் ஒவ்வொரு முறையும் பெரிய மருத்துவர் பின்னால் மாணவர் கூட்டம் வரும், போர்வையை விலக்கிக் காட்டுவார்கள். யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு என்ன நோய் என்று அம்மா சொல்லவில்லை, என் ஃபைலைத் திருட்டுத்தனமாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதில் இருந்த வார்த்தைகள் ஒரு பெண் பிள்ளை தனியாகப் படிக்கக்கூடியவை அல்ல.

இந்த இழையைப் பெண் குழந்தை உள்ளவர்களும் படிப்பீர்கள், அதனால் சொல்கிறேன். கர்ப்பப்பையும் சினைப்பையும் சரியாக இருக்கும், குழந்தை பெற்றவர்களும் இருக்கிறார்கள். கருவில் இருக்கும்போது ஆண் ஹார்மோன் வெளிப்புறத்தை மட்டும்தான் மாற்றுகிறது. அறுவை சிகிச்சையைக் கைக்குழந்தையிலேயே செய்வதா, அவள் வளர்ந்து சொல்லும் வரை பொறுப்பதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சிறுநீர் போவதில் தொந்தரவு இருந்தால் அது தனிக் கதை. பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்பதற்காக மட்டும் அவசரப்படுகிறீர்கள் என்றால், கத்தி வைக்கப்போவது அவள் உடம்பில், சங்கடம் உங்களுடையது. வயதுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வளருங்கள். மாணவர்களைப் பரிசோதனை அறைக்கு வெளியே நிற்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

புதுஅப்பா, உங்கள் பையனுக்கும் ஒன்று. பையன்களுக்கு விரைக்குள் அட்ரினல் திசுக் கட்டிகள் வரலாம், மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு அதிகம். வளர்ந்ததும் ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள், வெட்கப்பட்டுத் தள்ளிப்போட விடாதீர்கள்.

புதுஅப்பா:
அக்கா, உங்கள் பதிவை மனைவியிடமும் படித்துக் காட்டினேன். ரொம்ப நன்றி. வீட்டில் மருந்தை நிறுத்தும் பேச்சு நின்றுவிட்டது. அந்த 3 மி.கி. கணக்கைத்தான் அப்பாவிடம் சொன்னேன், "இவ்வளவுதானா" என்றார். இப்போது எங்களைத் தூங்கவிடாமல் பண்ணுவது காய்ச்சல்தான்.

மூணுவேளை:
நல்ல உடம்பு காய்ச்சல் வந்தால் கார்டிசாலைத் தானே பல மடங்கு கூட்டிக்கொள்ளும். இவர்களுக்கு அது நடக்காது, நாம்தான் கூட்ட வேண்டும். எங்கள் தாளில் இருப்பது இது: 38.5 டிகிரி (ஃபாரன்ஹீட்டில் 101.3) தாண்டினால் ஹைட்ரோகார்டிசோன் இரண்டு மடங்கு, 39 (102.2) தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் விடும் வரை. ஃப்ளூட்ரோகார்டிசோனைக் கூட்ட வேண்டாம். வெறும் மூக்கொழுகல், தேர்வு, விளையாட்டு இதற்கெல்லாம் கூட்ட வேண்டாம், தேவையில்லாமல் கூட்டிக் கூட்டித்தான் பலர் உயரத்தை இழக்கிறார்கள். மடங்கு எண்கள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், உங்கள் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே, இந்த நோய் இல்லாவிட்டாலும், மருத்துவமனைதான். டோஸைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாந்திதான் காய்ச்சலைவிட ஆபத்து, மருந்து உள்ளே நிற்காதே. கொடுத்து அரை மணிக்குள் கக்கினால் ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். மறுபடியும் கக்கினால் காத்திருக்க வேண்டாம், ஊசி போட்டுவிட்டு ஓடுங்கள். துவண்டு கிடந்தாலும், எழுப்பினால் எழும்பாவிட்டாலும் அப்படித்தான். ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. குப்பி, கூடவே 2 மி.லி. ஊசித் தண்ணீர், சிரிஞ்ச், ஊசி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். தண்ணீரை முழுக்க விட்டு, தெளியும் வரை உருட்டுங்கள். கைக்குழந்தைக்கு 25 மி.கி., அதாவது அரை மி.லி. பள்ளிப் பிள்ளைக்கு 50, வளர்ந்தவர்களுக்கு முழுக் குப்பி. தொடையின் நடுவில், வெளிப்பக்கம், தசைக்குள். தேவையில்லாமல் ஒருமுறை போட்டுவிட்டாலும் கெடுதல் இல்லை, தேவைப்படும்போது போடாமல் விட்டால் உயிர் போகும். காலாவதியான குப்பிகளைத் தூக்கிப் போடாதீர்கள், கலந்து பழக அதுதான் சரி. பாட்டி, சித்தப்பா எல்லோரையும் கலக்க வையுங்கள். என் மாமியார் என்னைவிட வேகம்.

வார்டுநர்ஸ்:
மூணுவேளை எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு வழிமொழிகிறேன். ஒன்று மட்டும்: அவசரப் பிரிவில் "முதலில் ரிப்போர்ட் வரட்டும்" என்று உட்காரவைத்தால் விடாதீர்கள். இவர்களுக்கு ஊசி முதலில், ரிப்போர்ட் பிறகு. ரத்தச் சர்க்கரையையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள், சின்னக் குழந்தைகளுக்கு அது சட்டென்று இறங்கிவிடும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சின்ன ஆபரேஷனுக்கும் இதே விதிதான். எண்டோ டாக்டர் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் எப்போதும் கூடவே இருக்கட்டும்.

புதுஅப்பா:
இரண்டு கடைசிக் கேள்விகள். புது மருந்து ஒன்று வந்திருக்கிறதாமே? அப்புறம், அடுத்த குழந்தை என்று யோசித்தால் என்ன செய்ய வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
கிரினெசர்ஃபான்ட். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது, 4 வயது முதல். பிட்யூட்டரிக்குப் போகும் கட்டளையைத் தடுத்து ஏ.சி.டி.ஹெச்.ஐக் குறைக்கிறது. ஆண் ஹார்மோனை அடக்கக் கொடுக்கும் கூடுதல் ஸ்டீராய்டைக் குறைக்கலாம். கார்டிசாலுக்கு மாற்று அல்ல, மூன்று வேளையும் காய்ச்சல் டோஸும் அப்படியேதான் இருக்கும். உங்கள் மகன் நான்கு வயதைத் தொடட்டும், அப்போது என்ன நிலைமை என்று பார்க்கலாம்.

வார்டுநர்ஸ்:
ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஜீன் ரிப்போர்ட் கையில் இருந்தால் கருவிலேயே பார்க்கலாம், ஆகவே கர்ப்பத்துக்கு முன்னாலேயே ஜெனிடிக் ஆலோசனைக்குப் போங்கள். தாய்க்கு டெக்சாமெத்தசோன் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, பெண் கருவின் உறுப்பு மாறாமல் இருப்பதற்காக. கரு பெண்ணா, நோய் உண்டா என்று தெரியும் முன்பே, மிக ஆரம்பத்திலேயே தொடங்க வேண்டும் என்பதால் 8 கருவில் 7 கருவுக்குத் தேவையே இல்லாமல் மருந்து போய்க்கொண்டிருந்தது. இன்றும் அது ஆராய்ச்சி அளவில்தான், யாராவது சாதாரணமாக எழுதிக் கொடுத்தால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

எதுவும் பார்க்காமல் குழந்தை பிறந்துவிட்டால், பிறந்த உடனே 17-ஓஹெச்பி எடுக்கச் சொல்லி அவசரப்பட வேண்டாம். முதல் நாளில் எல்லாக் குழந்தைக்கும் அது உயர்ந்துதான் இருக்கும், குறைமாதக் குழந்தைக்கு இன்னும் அதிகம். 48 மணி நேரம் கழித்து எடுங்கள், கூடவே சோடியமும் பொட்டாசியமும். முதல் சில நாள் சோடியம் நார்மலாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள், சோடியம் இறங்கப் பெரும்பாலும் ஒரு வாரமாவது எடுக்கும். 17-ஓஹெச்பி முடிவு கையில் வரும் வரை தினமும் எடை பாருங்கள்.